எரியாத சொக்கப்பனை

கார்த்திகை மாதம் வந்துவிட்டால் என் வயதுக்காரர்களே, நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறீர்கள். செல்போனில் ஒரு அகல்விளக்குப் படம், அதற்குக் கீழே 'நம்ம காலத்துச் சொக்கப்பனை மாதிரி வருமா' என்று ஒரு பெருமூச்சு. போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். ஊரே ஒன்றாகக் கூடிப் பனையை நட்டோமாம், ஒரே மனதாகக் கொளுத்தினோமாம், அந்த ஒற்றுமை இப்போது எங்கே போயிற்றாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊரில் ஐயா ஒரே மனது இருந்தது? நீங்களும் நானும் ஒரே பொட்டலில்தானே நின்றோம்? உங்களுக்கு நெருப்பு மட்டும் நினைவில் நிற்கிறது, எனக்குச் சண்டை நிற்கிறது. அதிலும் நெருப்பே எரியாமல் போன ஒரு வருஷம் இருந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் எழுதக் காணோம்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து உள்ளே பிரியும் மண்சாலையில் இருந்தது. கண்மாய்க்கரைக்குக் கீழே வீடுகள், வீடுகளுக்குக் கீழே நெல்வயல். கரையை ஒட்டிக் கோயில், கோயிலுக்கு முன்னால் பொட்டல். திருக்கார்த்திகையன்று அந்தப் பொட்டலில் ஒரு பனையை வெட்டிக் கொண்டுவந்து நட்டு, அடியிலிருந்து நுனிவரை காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி, பொழுது சாய்ந்ததும் கொளுத்துவார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு பனை கொடுக்கும். கொடுத்த வீட்டுப் பெரிய ஆள் தீ வைப்பார். அவருக்கு முதல் மாலை, முதல் விபூதி. சங்கதி இவ்வளவுதான். இதில் அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் அய்யாவும் அவருக்கு மூத்தவரான பெரியப்பாவும் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டு பேருக்கும் பாகம் பிரித்த வயல்கள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு வரப்பு, வரப்பின் மேல் ஒரு பனை. கோடை இடியில் கொண்டை கருகி மொட்டையாக நின்ற மரம். அதுவரை அதை ஒருவரும் சீந்தியதில்லை. அந்த வருஷம் பனை கொடுக்கும் முறை எங்கள் வகையறாவுக்கு வந்தது. பூசாரி வந்து, "அந்த மொட்டப் பனயவே வெட்டிருவமா?" என்று பொதுவாகக் கேட்டார். அய்யா, "என் பனைதான, தாராளமா வெட்டுங்க" என்றார். பக்கத்தில் நின்ற பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "உன் பனையா?" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மறுநாள் வடக்கயிறு பிடித்து வரப்பை அளந்தார்கள். கயிறு மரத்தின் நட்டநடுவில் போயிற்று.

"மரம் எம்பக்கம் சாஞ்சிருக்கா இல்லையா? கண்ணத் தொறந்து பாருங்க" என்றார் பெரியப்பா.

"சாஞ்சா போதுமா? வேரு எம்பக்கம்ல ஓடியிருக்கு. வருசா வருசம் என் கலப்பதான முட்டிக்கிட்டு நிக்கிது?" என்றார் அய்யா.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், மரத்தை இருவரும் சேர்ந்து வெட்டட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கொரு கோடாலியோடு போய், ஆளுக்கொரு பக்கம் நின்று வெட்டினார்கள். மரம் விழுந்தபோது இரண்டு பேரும் ஒரே திசையில் ஓடி முட்டிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு சண்டை. வெட்டியாயிற்று, யார் தீ வைப்பது என்பதைத் திருநாளன்று பேசிக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். நல்ல முடிவு என்று அதைச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அதே கூட்டத்துக்கு நீர்பாய்ச்சி வந்திருந்தார். கண்மாயின் மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுகிறவர். அவர் ஒரு ஓரமாக நின்று, "மடைக்குத் தெக்க கரையில தண்ணி கசியுது, நண்டு வளை போட்டுருச்சு போல, நாலாளு வந்தாத் தேவலை" என்றார். அந்த வருஷம் அடைமழை. கண்மாய் நிறைந்து, கரையில் நின்று குனிந்தால் கையை நனைக்கலாம். அய்யாவும் பெரியப்பாவும் அந்தப் பருவத்திலேயே முதல்தடவையாக ஒன்றுபோலப் பேசினார்கள்: "மொதல்ல பனை முடியட்டும்."

நீர்பாய்ச்சி தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

எங்களுக்கு, அதாவது எனக்கும் பெரியப்பா மகளுக்கும், மாவளி வேலை இருந்தது. அவளும் நானும் ஒரே வகுப்பு. சண்டை வந்த அன்றே, "அவுக வீட்டுப் புள்ளையோட பேசுனா கால ஒடிச்சுப்புடுவேன்" என்று இரண்டு வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஆகவே பெரியவர்கள் பார்க்கும்போது நாங்கள் எதிரெதிரே வந்தால் காறித் துப்பிக்கொள்வோம். அவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. பிறகு கோயிலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

இப்போதைய பேரன் பேத்திகளுக்கு மாவளி என்றால் தெரியாது, ஆகவே சொல்கிறேன். ஆண்பனையில் காய்ந்து தொங்கும் பூக்கதிரைப் பொறுக்கிவந்து, குழியில் போட்டு எரித்து, தழல் பிடித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பல். மறுநாள் தோண்டினால் கரி மின்னும். அதை உப்போடு சேர்த்து அரைத்து, பழைய துணியில் சுருட்டிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் செருகி, நீளக் கயிற்றில் கட்ட வேண்டும். அதன் நுனியில் ஒரு நெருப்புக் கங்கு வைத்துச் சுழற்றினால் பொறி பறக்கும் பாருங்கள், நம்மைச் சுற்றி ஒரு பொன் சல்லடை பிடித்த மாதிரி. உப்பு படபடவென்று வெடிக்கும். மூக்கில் இனிப்பான ஒரு கரி வாடை. கடையில் வாங்கிய எந்த வாணத்திலும் எனக்கு அந்த வாடை வந்ததில்லை. துணி சுருட்டித் தைத்துக் கொடுத்தது அத்தை. தன் பழைய சேலை ஒன்றை எங்களுக்காகக் கிழித்தாள்.

அத்தை அந்த இரண்டு அண்ணன்மாருக்கும் ஒரே தங்கை. கல்யாணமான மறுவருஷமே மாமா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் தகவல் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இருக்கிறாரா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. அத்தையின் கழுத்தில் தாலி கிடந்தது. ஆனாலும் அவளைச் சுமங்கலிக் கணக்கில் சேர்ப்பதா என்று ஊர்ப் பெண்களுக்குள் தீராத வழக்கு. கார்த்திகை விளக்குக்கு அவள்தான் திரி திரிப்பாள், அவள்தான் எண்ணெய் ஊற்றுவாள். ஏற்றுவதற்கு மட்டும் வேறு கை வரும். "நீ போயிக் கொழுக்கட்டயப் பாரு தாயி" என்று அம்மா நயமாகத்தான் சொல்வாள். நயமாகச் சொன்னால் வலிக்காது என்று அம்மா உண்மையிலேயே நம்பினாள்.

அத்தையை அண்ணன்மார் முறைவைத்துக் காப்பாற்றினார்கள். திருக்கார்த்திகையிலிருந்து சித்திரைவரை பெரியப்பா வீடு. சித்திரையிலிருந்து திருக்கார்த்திகைவரை எங்கள் வீடு. நம் பக்கம்தான் மாதம் கூட விழுகிறது என்று அம்மா சொல்லிக்காட்டாத வருஷமில்லை. இத்தனைக்கும் எந்த வீட்டில் இருந்தாலும் நாற்றுப் பறிக்க, களை எடுக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, எல்லாம் அவள்தான். ஒரு மொட்டைப் பனைக்கு இரண்டு பேரும் உரிமை கொண்டாடினார்கள், கூடப் பிறந்தவளுக்கு இரண்டு பேரும் முறை வைத்தார்கள். அந்த வயதில் எனக்கு இது தோன்றவில்லை. இப்போது நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் முழுக்க அத்தைதான் ஓலை சுமந்தாள். மழைக்கு நடுவே காய்ந்த ஓலைக்கு எங்கே போவது? மாட்டுக்கொட்டகைக் கூரை இறவாணத்தில் செருகியிருந்தது, வைக்கோல் படப்புக்கு அடியில் கிடந்தது என்று இரண்டு வீட்டிலிருந்தும் இழுத்து வந்தாள். அவள் தலைச்சுமை கொண்டுவந்து போடப் போட ஆண்கள் மரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டி முடித்து, நனையாமல் மேலே ஒரு பழைய படுதாவைப் போர்த்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முக்காடு போட்டு யாரோ குந்தியிருக்கிற மாதிரி இருக்கும்.

திருநாள் வந்தது. காலையிலிருந்து தூறல். தீபாவளிக்கு மிச்சம் பிடித்து அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்த புஸ்வாணங்களை எடுத்துப் பார்த்தேன். நமுத்துப்போய் மாவுருண்டையாக இருந்தன. வீடெல்லாம் பனையோலைக் கொழுக்கட்டை வேகிற மணம். பச்சை ஓலையும் வெல்லமும் சுக்கும் சேர்ந்த அந்த மணத்துக்கு நடுவில், அம்மா அத்தையின் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பச்சைத் தகரப் பெட்டி, மூடியில் ஒரு ரோஜாப்பூ வரைந்திருக்கும்.

"இன்னியோட நம்ம மொற முடிஞ்சு போச்சு தாயி. வெளக்கு வைக்கிறதுக்குள்ள அங்கன போயிட்டீன்னா நல்லது" என்றாள்.

 அத்தை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய செம்பையும் தலையணையையும் நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பெரியப்பா வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. பெரியம்மா அந்தப் பாதிக்குள் நின்றுகொண்டு, "அவுக வீட்டுல இருந்து ஒரு துரும்பு இங்க வரக்கூடாதுன்னு ஒங்க அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காக" என்றாள்.

"நான் துரும்பா மதினி?" என்றாள் அத்தை.

"நான் என்னம்மா செய்ய? அவுகளக் கேட்டுக்கிட்டு வா. அவுக சரின்னா எனக்கென்ன."

பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் பெரியப்பா மகள் எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு நாங்கள் துப்பிக்கொள்ளவில்லை.

திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா கையைப் பிசைந்தாள். "நான் திரும்பச் சேத்துக்கிட்டேன்னா ஒங்க சின்னண்ணன் என்னயக் கொன்னுபுடுவாக. மொறன்னா மொறதான்னு சொல்லியிருக்காக. அவுககிட்டயே ஒரு வார்த்த கேட்டுரு." இரண்டு வீட்டுப் பெண்களும் கெட்டவர்கள் இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். இரண்டு பேருக்கும் அத்தையைப் பிடிக்கும். அன்றைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பொட்டலுக்குப் போனோம். படுதாவை விலக்கிவிட்டு, சொக்கப்பனைக்கு அடியில் ஆண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் அய்யாவும் பெரியப்பாவும். பூசாரி கையில் சூடத்தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். யார் தீ வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அத்தை பெட்டியை இறக்கிவைத்தாள். "பெரியண்ணே, சின்னண்ணே, நான் எந்த வீட்டுக்குப் போகட்டும்? ஒரு வார்த்த சொல்லுங்க."

"இரு புள்ள, இதப் பேசி முடிச்சிட்டு வாரேன்" என்றார் அய்யா, திரும்பிப் பார்க்காமல்.

அத்தை பெட்டி மேல் உட்கார்ந்தாள். தூறல் அவள் தலையில் விழுந்து காதோரம் வழிந்தது. நான் தலையணையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பேசினார்கள், பேசினார்கள். வேர், சாய்மானம், தகப்பன் சாகும்போது சொன்னது, யார் வீட்டுக் கலியாணத்தில் யாருக்கு இலை போடவில்லை, எல்லாம் வந்தது. அத்தை மறுபடி கேட்டாள்.

"அண்ணே, பொழுது எறங்குது. எங்கன போகன்னு மட்டும் சொல்லிருங்க."

"ஆம்பளைக பேசுற எடத்துல ஒனக்கு என்ன சோலி?" என்றார் பெரியப்பா. "ஓலை சொமந்தா ஒனக்கும் இதுல பங்கு வந்திருமாக்கும்?"

யாரோ சிரித்தார்கள்.

அத்தை எழுந்தாள். அவள் முகம் அப்படியேதான் இருந்தது, அதனால்தான் யாரும் எச்சரிக்கையாகவில்லை. நேராகச் சொக்கப்பனையிடம் போனாள். கயிறு அறுக்கக் கொண்டுவந்த அரிவாள் அங்கேயே மண்ணில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கி, அடியில் சுற்றியிருந்த கயிற்றை வெட்டினாள். அடுத்த சுற்றை வெட்டினாள். இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கம் முழுவதும் மளமளவென்று சரிந்து விழுந்தது. மழைக்குள்ளே காய்ந்த ஓலை சரிகிற சத்தம் இருக்கிறதே, மேலே போன காக்கையெல்லாம் கலைந்து பறந்தது. அள்ளினாள், எறிந்தாள். ஒரு கத்தை பூசாரியின் தட்டில் விழுந்து சூடம் சிதறியது.

"ஏய், ஏய்! பைத்தியமா ஒனக்கு?"

"சாமி குத்தம்! சாமி குத்தம்டா! பிடிங்கடா அவள!"

"வாழாவெட்டி வயித்தெரிச்சல் பாத்தியா" என்றது ஒரு குரல். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆள் இப்போது உயிரோடு இல்லை.

பிடிக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை. அவள் கையில் அரிவாள் இருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, எட்டின உயரம்வரை உரித்துவிட்டாள். ஒரு வாரம் தான் சுமந்ததை எல்லாம் தானே கீழே போட்டாள். பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார். அய்யா, "என் தங்கச்சி மேல கைய வைக்கிறியா?" என்று அவர் சட்டையைப் பிடித்தார். அதுவரை அந்தத் தங்கச்சி அவர் கண்ணில் படவே இல்லை.

அப்போதுதான் நீர்பாய்ச்சி கரை மேலிருந்து ஓடி வந்தார். தலைத்துண்டு அவிழ்ந்து தொங்கியது.

"கர வாயப் பொளந்துருச்சு! மடைக்குத் தெக்க! ஓடியாங்க, ஊருக்குள்ள எறங்குது!"

 ஒன்றும் யோசிக்க நேரமில்லை. கரை உடைந்தால் முதலில் வீடுகள், பிறகு பால் பிடிக்கிற பயிர். உடைப்பை அடைக்க மரம் வேண்டும், தழை வேண்டும், மண் வேண்டும். மரம் எதிரிலேயே நின்றது, ஓலை காலடியிலேயே கிடந்தது. வடத்தைப் போட்டுப் பனையைச் சாய்த்து, கரை மேல் இழுத்துப் போனார்கள். பெண்கள் ஓலையை வாரிக்கொண்டு ஓடினோம். ஒரு ஆள் அகலத்துக்குத் தண்ணீர் மஞ்சளாகச் சுழித்துக்கொண்டு இறங்கியது. அதன் குறுக்கே பனையைப் போட்டு, கம்பு ஊன்றி, ஓலையை அணைகொடுத்து, சாக்குச் சாக்காக மண் கொட்டினார்கள். அய்யாவும் பெரியப்பாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோளோடு தோள் நின்று மரத்தைப் பிடித்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே மூச்சில் தள்ளினார்கள். நான் அவர்களை அப்படிப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தண்ணீர் நின்றது. தூறலும் விட்டது. கரைக்கு மேலே வானம் ஈயம்போல் இருந்தது. நானும் பெரியப்பா மகளும் ஓடிப்போய்ப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்த மாவளியை எடுத்துவந்தோம். கங்கு வைத்து, கரை மேல் நின்று சுழற்றினோம். முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அவளுடைய வட்டமும் என் வட்டமும் தண்ணீரில் தெரிந்தன. பொறிகள் கண்மாய்க்குள் விழுந்து சுர், சுர் என்று அணைந்தன. அந்த ஊரில் அன்றைக்கு எரிந்த ஒரே நெருப்பு அது. உடனே கீழே சேற்றில் நின்ற ஒருவர், "ஏய் கழுதைகளா, தீப்பிடிச்சிரப் போகுது, நிறுத்துங்கடி!" என்று கத்தினார். ஊர் முழுக்கத் தொப்பலாக நனைந்து கிடக்கிறது. கண்மாய் நிறையத் தண்ணீர். எதில் ஐயா தீப்பிடிக்கும்?

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். பெரியவர்கள் விடவில்லை.

எல்லாரும் சேறும் சகதியுமாகக் கோயில் முன்னால் கூடினார்கள். பூசாரிக்குத்தான் முதலில் தோன்றியது. "அவ பிரிச்சுப் போடலன்னா பனையும் ஓலையும் எரிஞ்சு போயிருக்கும், இந்நேரம் ஊரே இருந்திருக்காது. இது அவ செஞ்சதில்ல. சாமி அவ கையில வந்து செஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், கூட்டத்துக்கே கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாழாவெட்டி என்று சொன்ன அதே குரல், "ஆத்தா!" என்றது. ஒருத்தி அத்தையின் காலில் விழுந்தாள்.

அத்தை தன் பெட்டி மேல் உட்கார்ந்து, கையில் ஓலை கிழித்த காயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "கண்மா ஒடையப் போகுதுன்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்?" என்றாள். "எனக்கு ஆத்திரம். ஒரு வீட்டு வாசலும் தொறக்கல, ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல. அந்த ஆத்திரத்துல பிச்செறிஞ்சேன். சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

"அவ வாயால சொல்ல மாட்டா" என்றார் பூசாரி பக்தியோடு. "சாமி மறைக்கும்."

அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்லிப் புரியவைப்பாள்?

சாஸ்திரத்துக்கு ஒரு கத்தை ஓலையாவது கொளுத்த வேண்டும், அதை ஆத்தா கையாலேயே கொளுத்தட்டும் என்று தீர்மானித்தார்கள். விளக்கில் ஒரு திரியை ஏற்றவிடாத கைக்கு, ஊரின் முதல் நெருப்பைக் கொடுக்கிறார்களாம். பூசாரி சூடத்தை நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "எனக்கு வேணாம். குளுருது. எங்கன போயிப் படுக்கன்னு சொல்லுங்க" என்றாள்.

"எங்கனயா? நம்ம வீடு இருக்கைல என்ன கேள்வி?" என்றார் பெரியப்பா. "இன்னிக்கு எங்க மொற. எந்திரி தாயி."

"கதவச் சாத்துனவுகளுக்கு மொற என்ன மொற?" என்றார் அய்யா. "இத்தன மாசம் எங்க வீட்டுச் சோறு தின்ன புள்ள. அங்கனதான் வரும்."

"நான் மூத்தவன்டா!"

"மூத்தவருன்னா மத்தியானமே தெரிஞ்சிருக்கணும்!"

அய்யா பெட்டியின் ஒரு வளையத்தைப் பிடித்தார். பெரியப்பா மறு வளையத்தைப் பிடித்தார். ஈரத் தகரம் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் இழுத்ததில் ஒரு வளையம் கழன்று பெரியப்பா கையோடு வந்துவிட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, சாமி யார் வீட்டில் தங்க வேண்டும் என்று நியாயம் பேசத் தொடங்கியது. எங்கள் கையில் மாவளி அணைந்து போயிருந்தது.

அத்தை எழுந்து, இரண்டு பேர் கையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "மத்தியானம் ஒருத்தருக்கும் வேண்டாம். இப்ப ரெண்டு பேருக்கும் வேணும். நான் மத்தியானம் இருந்த அதே ஆளுதான்" என்றாள். அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் படுத்தாள். அம்மாவும் பெரியம்மாவும் தனித்தனியாகக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார்கள். என்னையும் பெரியப்பா மகளையும் அழைத்து உட்காரவைத்து, இரண்டு வீட்டுக் கொழுக்கட்டையையும் கலந்து எங்களோடு சேர்ந்து தின்றாள்.

காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் சமையலுக்குப் பெண் தேடுகிறார்கள் என்று முந்தின ஆடி அமாவாசைக்குப் போனபோதே கேட்டுவைத்திருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். பஸ் ஏறும்போது என் தாடையைப் பிடித்து, "வாரேன் ஆத்தா" என்றாள். அய்யா கேள்விப்பட்டுப் பதறிக்கொண்டு ஓடிவந்தபோது சாலையில் டீசல் புகைதான் இருந்தது. அங்கே நின்றுகொண்டு அவர், "இதுக்கெல்லாம் ஒங்க பெரியப்பன்தான் காரணம்" என்றார். பெரியப்பா வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் திரும்பி வரவில்லை. ஒரு வருஷம் கழித்தா, அதற்கும் பிறகா, ஊரில் ஒரு வழக்கம் முளைத்தது. சொக்கப்பனை கொளுத்துவதற்கு முன்னால் ஒரு பிடி ஓலையை உருவி, கண்மாய்க்கரையில் கொண்டுபோய் வைத்து, மஞ்சள் தெளித்துக் கும்பிட்டார்கள். 'ஆத்தா ஓலை' என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் நடக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதை ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

பெரியப்பா இறந்தபிறகு, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்ட சமயத்தில், ஒரு தை அமாவாசைக்கு அய்யாவை ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். அதுவரை அவர் அவளைப் பார்க்கப் போனதில்லை. போனால் தோற்றதாகிவிடுமாம். அக்னி தீர்த்தத்தில் முழுகி அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்.  ஈர வேட்டியோடு நின்று, "பிடிவாதக்காரப் பய" என்று கடலைப் பார்த்துச் சொன்னார்.

அங்கிருந்து சத்திரத்துக்குப் போனோம். அத்தை தலை நரைத்து, உடம்பு கொஞ்சம் தடித்து, சமையற்கட்டு முழுவதையும் கையில் வைத்திருந்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் அவளிடம் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். கழுத்தில் தாலி இல்லை. எப்போது கழற்றினாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. ஊரில் அவள் பெயரால் ஓலை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று சொன்னேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஏத்தா, நான் உசுரோடதான இருக்கேன்? ஒரு ஆளாவது வந்து பாக்கக் கூடாதா?" என்றாள். சிரிப்பு நின்றபிறகும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அய்யா பந்தியில் உட்கார்ந்தார். அத்தையே வந்து சோறு போட்டாள். சாம்பார் ஊற்றினாள். அவர் இலையைப் பார்த்தபடி, "போதும் தாயி, வேலை பாத்தது. பெட்டியக் கட்டு. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"யாரு வீட்டுக்குண்ணே?" என்றாள் அத்தை. குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

அய்யா இலையிலிருந்த சோற்றைப் பிசைந்தார். பக்கத்தில் இருந்த யாத்ரீகர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை இன்னொரு கரண்டி சோற்றை அவர் இலையில் வைத்து அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவர் அவ்வளவையும் தின்றார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வந்து பஸ் ஏறினோம். பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னல் வழியே கடற்காற்று முகத்தில் அடித்தது. அய்யா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். காற்று என்றார். நானும் காற்றுதான் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாம்பாருல உப்புக் கூட" என்றார்.